டாஃப்ட் பங்க் தொகுப்பு ‘மூசிக் வால்யூம் 1’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டையின் மூலைகள் தேய்ந்துபோன ஒரு சிடி என்னிடம் இருக்கிறது. ‘மூசிக் வால்யூம் 1: 1993–2005’. டாஃப்ட் பங்க் என்னும் பிரெஞ்சு இரட்டையரின் தேர்ந்தெடுத்த பாடல்கள் அடங்கியது. மின்னணு நடன இசையைக் கேட்டுப் பழகாத நண்பர்களுக்கெல்லாம் இதைத்தான் இரவல் கொடுப்பேன். திருப்பித் தரும்போது அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

டாஃப்ட் பங்க் என்பது ஒரே ஆளா, பெரிய குழுவா?

இருவர் மட்டுமே. தாமஸ் பங்கால்டர், கி-மானுவேல் த ஓமெம்-கிறிஸ்டோ. பாரிஸில் உள்ள கார்னோ பள்ளியில் 1987இல் இருவரும் சந்தித்தார்கள். அப்போது ஒருவருக்குப் பன்னிரண்டு வயது, மற்றவருக்குப் பதின்மூன்று. தாமஸின் தந்தை டேனியல் வான்கார்ட், டிஸ்கோ காலத்தில் பல பாடல்களை எழுதித் தயாரித்தவர். பழைய டிஸ்கோ தட்டுகளின் மீது இவர்களுக்கு இருந்த பற்று எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அந்த வீடுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

இப்படி ஒரு பெயரை யார் வைத்தார்கள்?

திட்டியவர்கள் வைத்த பெயர். இந்த இருவரும் லோரான் பிராங்கோவிட்ஸ் என்ற நண்பரும் சேர்ந்து முதலில் ‘டார்லின்’ என்ற கிட்டார் குழுவை நடத்தினார்கள். அவர்கள் வெளியிட்ட பாட்டை ‘மெலடி மேக்கர்’ என்ற பிரிட்டிஷ் வார இதழ் ‘டாஃப்ட் பங்கி த்ராஷ்’ என்று எழுதித் தள்ளிவிட்டது. அசட்டுத்தனமான பங்க் இரைச்சல் என்று பொருள். குழு கலைந்தது. பிராங்கோவிட்ஸ் பிற்பாடு ‘ஃபீனிக்ஸ்’ குழுவில் சேர்ந்தார். மற்ற இருவரும் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு டிரம் மெஷினையும் சின்தசைசரையும் கையில் எடுத்தார்கள், அந்த வசையையே பெயராகச் சூட்டிக்கொண்டார்கள்.

இந்தத் தொகுப்பு எப்போது வந்தது? இதில் என்னென்ன இருக்கின்றன?

2006 ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. ஜப்பானில் மட்டும் சில நாள் முன்னதாக, மார்ச் கடைசியில். மொத்தம் 15 பாடல்கள். 1997இல் வந்த ‘ஹோம்வொர்க்’ ஆல்பத்திலிருந்து ஐந்து: ‘டா ஃபங்க்’, ‘அரௌண்ட் த வேர்ல்ட்’, ‘ரெவல்யூஷன் 909’, ‘அலைவ்’, ‘ரோலின் அண்ட் ஸ்க்ராச்சின்’. 2001இன் ‘டிஸ்கவரி’யிலிருந்து மூன்று: ‘ஒன் மோர் டைம்’, ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’, ‘சம்திங் அபௌட் அஸ்’. 2005இன் ‘ஹியூமன் ஆஃப்டர் ஆல்’ ஆல்பத்திலிருந்து அதன் தலைப்புப் பாடல், ‘ரோபாட் ராக்’, ‘டெக்னாலஜிக்’ என்று மூன்று.

மீதி நான்கும் அவர்களுடைய எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் கிடையாது. முதல் பாட்டான ‘மூசிக்’, ‘டா ஃபங்க்’ தனிப்பாடல் தட்டின் மறுபக்கத்தில் இருந்தது. இசை என்று பொருள்படும் அந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லை இயந்திரக் குரலில் சொல்லிச் சொல்லியே முழுப் பாட்டும் நகரும். கடைசி மூன்றும் பிறர் பாடல்களுக்கு இவர்கள் செய்த ரீமிக்ஸ்கள், அதாவது மூலப் பாட்டைப் பிரித்து மாற்றிக் கட்டியவை. அவற்றுக்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

‘கெட் லக்கி’யைத் தேடினேன், காணவில்லையே. என் சிடியில் ஏதாவது குறையா?

குறை ஒன்றும் இல்லை. ‘கெட் லக்கி’ 2013இல் வந்த பாட்டு. அட்டையிலேயே 1993–2005 என்று போட்டிருக்கிறார்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

நடன இசை பழக்கமில்லாதவர்கள் ‘டா ஃபங்க்’கிலிருந்து தொடங்குங்கள். ஹவுஸ் என்னும் நடன இசை வகைக்கு வழக்கமான வேகத்தைவிட நிதானமாக, மெதுநடை போடுவதைப் போல் இருக்கும். அமெரிக்க மேற்குக் கரை ராப் பாடல்களைக் கேட்டுக்கேட்டு, அந்தத் தோரணையைப் பிடிக்க முயன்றதில் பிறந்த பாட்டு இது. பாட்டின் நடுவே புழு நெளிவதுபோல ஓர் ஒலி நுழைகிறதே, அது ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறிய பேஸ் இயந்திரம். அந்த ஒலி உள்ளே வரும் இடம் உங்களுக்குப் பிடித்துவிட்டால் மற்ற பாடல்களும் பிடித்துப்போகும் என்பது என் அனுபவம்.

‘ரோலின் அண்ட் ஸ்க்ராச்சின்’ பக்கம் முதல் நாளே போக வேண்டாம். ஏழு நிமிடத்துக்கு மேல் இரும்பை அறுக்கும் சத்தம் போல ஓடும். எனக்கு அது மிகவும் பிடித்த பாட்டு, ஆனாலும் அதை முதலில் கேட்டவர்கள் மறுநாளே சிடியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

‘அரௌண்ட் த வேர்ல்ட்’ என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, இதில் இசை எங்கே இருக்கிறது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆல்பத்தில் உள்ள முழு வடிவத்தில் அந்த வரி 144 முறை வருகிறது. இந்தத் தொகுப்பில் இருப்பது வானொலிக்காகச் சுருக்கிய வடிவம், அதில் 80 முறை. வேறு ஒரு சொல்கூடப் பாட்டில் இல்லை.

கச்சேரியில் நிரவல் கேட்டிருப்பீர்கள். பாடகர் ஓர் அடியை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடுவார். நமக்குச் சொல் மனப்பாடம் ஆகிவிடும், அதன் பிறகு காது சொல்லை விட்டுவிட்டு ராகத்தின் போக்கைப் பின்தொடரும். இங்கும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது, ஒரு வேறுபாட்டோடு: இங்கே வரி கொஞ்சமும் அசையாது, சுற்றி இருப்பவை வந்து வந்து போகும். பேஸ் கிட்டார் ஒரு படிக்கட்டில் ஏறி இறங்குவதைப் போல நடக்கும். டிரம் விலகும், திரும்பி வரும். மேலே ஒரு கீபோர்டு மெட்டு எட்டிப் பார்த்துவிட்டு மறையும். ஒரு தடவை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேளுங்கள். மறு தடவை டிரம்மை மட்டும். இரண்டும் இரண்டு பாட்டுகளாகக் கேட்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. மிஷெல் கோண்ட்ரி இயக்கிய காணொளியில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு நடனக் கூட்டத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். ரோபோக்கள் பாடும் குரல். படிகளில் ஏறி இறங்கும் உயரமான விளையாட்டு வீரர்கள் பேஸ். எலும்புக்கூடுகள் கிட்டார். துணி சுற்றிய மம்மிகள் டிரம் மெஷின். நீச்சல் உடைப் பெண்கள் கீபோர்டு. எந்த வாத்தியம் ஒலிக்கிறதோ அந்தக் கூட்டம் அசையும். ஒரு பாட்டின் உள்கட்டு இவ்வளவு தெளிவாகத் தெரியும் இன்னொரு காணொளியை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் பாடல்களை வெட்டித்தான் சிடியில் போட்டிருக்கிறார்களா?

எல்லாவற்றையும் இல்லை. ‘அரௌண்ட் த வேர்ல்ட்’, ‘ஒன் மோர் டைம்’, ‘டெக்னாலஜிக்’ ஆகிய மூன்றும் வானொலிக்கான குறு வடிவங்கள். ஏழு நிமிடப் பாட்டைக் குறைத்தால் மேலே சொன்ன அந்த வருகையும் விலகலும்தான் முதலில் அடிபடும். இந்தத் தொகுப்பின் மீது எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். பாட்டு மனதில் தங்கிவிட்டால் ‘ஹோம்வொர்க்’ ஆல்பத்தைத் தேடி எடுத்து முழு வடிவத்தைக் கேளுங்கள்.

‘டிஜிட்டல் லவ்’ இல்லாமல் ஒரு சிறந்த பாடல் தொகுப்பா?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் ஏற்கெனவே ரசிகர்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ‘டிஸ்கவரி’ ஆல்பத்தின் மிக இனிமையான பாட்டு அதுதான் என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். ரீமிக்ஸ்களுக்கு மூன்று இடம் கொடுத்தவர்கள் இதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலப்படும். ‘அலைவ்’, ‘ரோலின் அண்ட் ஸ்க்ராச்சின்’ போன்றவை வெகுஜனப் பாடல்களே இல்லை. விற்பனையை மட்டும் பார்த்து அடுக்கிய பட்டியலாக இருந்தால் இவை உள்ளே வந்திருக்க வாய்ப்பில்லை. ‘அலைவ்’ இவர்களுடைய முதல் தட்டிலேயே, 1994இல், கிளாஸ்கோ நகரின் சோமா நிறுவனம் வெளியிட்டதில் இருந்தது. 1993இல் பாரிஸ் டிஸ்னி பூங்காவில் நடந்த ஓர் இரவு நடன விழாவில்தான் சோமாவைச் சேர்ந்தவர்களிடம் இவர்கள் தங்கள் ஒலிநாடாவைக் கொடுத்தார்கள். அறையில் உட்கார்ந்து இயந்திரங்களைத் தட்டிக்கொண்டிருந்த இரு இளைஞர்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைக் காட்டும் தொகுப்பாகவே இதை நான் கேட்கிறேன். அப்படிக் கேட்டால் ‘டிஜிட்டல் லவ்’ இல்லாத குறை கொஞ்சம் ஆறும். முழுதாக ஆறாது.

பிறருடைய பழைய பாடல்களிலிருந்து எடுத்திருக்கிறார்களாமே. இது திருட்டு ஆகாதா?

எடுத்திருக்கிறார்கள். அதற்கு சாம்பிளிங் என்று பெயர். இந்தத் தொகுப்பிலேயே மூன்று பெரிய எடுத்துக்காட்டுகள் உண்டு. ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ பாட்டில் எட்வின் பேர்ட்சாங் 1979இல் வெளியிட்ட ‘கோலா பாட்டில் பேபி’ இருக்கிறது. ‘ரோபாட் ராக்’ பாட்டில் பிரேக்வாட்டர் குழுவின் ‘ரிலீஸ் த பீஸ்ட்’ இருக்கிறது, அது 1980. ‘ஒன் மோர் டைம்’ பாட்டில் எட்டி ஜான்ஸின் ‘மோர் ஸ்பெல் ஆன் யூ’, 1979.

மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ‘ரோபாட் ராக்’கில் பழைய பாட்டின் முக்கியத் துணுக்கு ஏறக்குறைய அப்படியே ஓடுகிறது. ‘ஒன் மோர் டைம்’ வேறு கதை. பழைய பாட்டின் டிரம்பெட் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வரிசையை மாற்றி, மூலத்தில் இல்லாத ஒரு மெட்டைக் கட்டியிருக்கிறார்கள். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் எந்த இடத்திலிருந்து எது வந்தது என்று கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். பழைய பட்டுப் புடவையின் ஜரிகைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் புது ஆடை தைப்பதைப் போன்ற வேலை அது. அதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன்.

பணம் யாருக்குப் போனது என்பது வேறு கேள்வி, அதை மறைக்கக் கூடாது. எட்டி ஜான்ஸ் லைபீரியாவில் பிறந்த பாடகர். அவருடைய பாட்டின் உரிமை வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. உலகமே ஆடிய பாட்டில் தம் பங்கு இருந்தும் பல ஆண்டுகளாக அவருக்கு ஒரு காசு வரவில்லை என்பதும், அவர் லாஸ் ஏஞ்சலிஸில் வறுமையில் வாழ்ந்தார் என்பதும் 2021இல்தான் வெளியே தெரிந்தன. அந்த டிரம்பெட்டை இப்போது கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும் என்றே எழுதுகிறேன்.

‘ஒன் மோர் டைம்’ பாட்டைப் பாடுவது அந்த இருவரில் யார்?

இருவரும் இல்லை. ரொமாந்தனி என்ற அமெரிக்க ஹவுஸ் இசைக் கலைஞர். நியூ ஜெர்ஸிக்காரர், 2013இல் காலமானார். அவருடைய குரலை ஆட்டோ-டியூன் என்னும் மென்பொருளில் வேண்டுமென்றே மிகையாக இழுத்து, உலோகப் பூச்சு பூசியிருக்கிறார்கள். சுருதி தவறுவதைத் திருத்தத்தான் அந்த மென்பொருள் வந்தது. அதையே வாத்தியமாக்கிவிட்டார்கள் என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தக் குரலில் கேட்பது இயந்திரத்தின் உள்ளே சிக்கிய ஒரு மனிதனின் கொண்டாட்டம். நடுவில் டிரம் முழுவதும் நின்று குரல் மட்டும் தனியே மிதக்கும் இடத்தைக் கேளுங்கள்.

கடைசி மூன்று பாடல்கள் இவர்களுடையவையே இல்லையே. ஏன் சேர்த்தார்கள்?

இவர்கள் பிறருக்குச் செய்து கொடுத்த ரீமிக்ஸ்கள் அவை. டெட்ராய்ட் கலைஞர் ஸ்காட் குரூவ்ஸின் ‘மதர்ஷிப் ரீகனெக்ஷன்’, ஜெர்மானியரான இயன் பூலியின் ‘கார்ட் மெமரி’, பிரிட்டிஷ் பாடகி கேப்ரியலின் ‘ஃபர்கெட் அபௌட் த வேர்ல்ட்’.

தொகுப்பில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் பகுதி இதுதான், எனக்கோ இதுவே புதையல். இவை தனித்தனித் தட்டுகளாக வெளிவந்தவை. தேடி வாங்க வேண்டுமென்றால் பழைய தட்டு விற்பவர்களிடம் அலைய வேண்டும். கேப்ரியலின் பாட்டில் அவர் குரலின் கனிவைத் தொடாமல் விட்டு, அடியில் மட்டும் தரையை மாற்றியிருக்கிறார்கள். ‘கார்ட் மெமரி’யிலோ ஒரு துணுக்கைப் பிடித்து விடாமல் அரைத்திருக்கிறார்கள். அடுத்தவர் பொருளைக் கையில் எடுக்கும்போதுதான் ஒரு கைவினைஞரின் கை எப்படிப்பட்டது என்று தெரிகிறது.

‘ரோபாட் ராக்’, ‘டெக்னாலஜிக்’ இரண்டும் மொட்டையாக, முடிக்காமல் விட்டதுபோல் இருக்கின்றனவே?

‘டிஸ்கவரி’க்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் ‘ஹியூமன் ஆஃப்டர் ஆல்’ ஆல்பத்தை 2004 இறுதியில் ஏறக்குறைய ஆறே வாரத்தில் முடித்தார்கள். முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று அவர்களே விரும்பினார்கள். விமர்சகர்கள் பலருக்கு அன்று பிடிக்கவில்லை.

இந்தப் பாடல்களுக்கு உயிர் வந்தது மேடையில்தான். தொகுப்பு வெளிவந்த சில வாரங்களில், 2006 ஏப்ரல் 29 அன்று, கலிபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் ஒளி உமிழும் பிரமிடு ஒன்றின் உச்சியில் நின்று இவர்கள் வாசித்தார்கள். ‘ரோபாட் ராக்’ அங்கே இடி முழக்கம் போல இருந்தது. அதே வடிவத்தைப் பாரிஸ் பெர்சி அரங்கில் பதிவு செய்த ‘அலைவ் 2007’ ஆல்பத்தில் முதல் பாட்டாகவே கேட்கலாம். அதைக் கேட்டுவிட்டு இந்த சிடிக்குத் திரும்புங்கள், மொட்டையாகத் தெரிந்தது கட்டுமானச் சாரம் என்று புரியும்.

இவர்கள் முகத்தை மறைத்துப் போட்டுக்கொள்ளும் ரோபோ ஹெல்மெட் எப்போது வந்தது? எல்லாப் பாட்டையும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் செய்தார்களா?

‘ஹோம்வொர்க்’ காலத்தில் ரோபோ உருவம் கிடையாது. புகைப்படத்தில் முகத்தை மறைக்க விதவிதமான முகமூடிகளைப் போட்டுக்கொண்டார்கள். ‘டிஸ்கவரி’யை ஒட்டித்தான் வெள்ளி, தங்க நிற ஹெல்மெட்டுகள் வந்தன. 1999 செப்டம்பர் 9 அன்று சாம்பிளர் என்னும் ஒலித்துணுக்குக் கருவி வெடித்துத் தாங்கள் ரோபோக்களாக மாறிவிட்டதாக ஒரு கதையையும் கட்டினார்கள். ஆகவே இந்த சிடியின் ஆறாவது பாட்டு வரை மனிதர்கள், ஏழாவதிலிருந்து ரோபோக்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ரீமிக்ஸ்கள் மீண்டும் மனிதக் காலத்துக்குத் திரும்புகின்றன.

டிவிடி சேர்த்த பதிப்பு ஒன்று இருக்கிறதாமே. தேடி வாங்கலாமா?

கிடைத்தால் வாங்குங்கள். ஒரே ஒரு காணொளிக்காகவே சொல்வேன்: ரோமன் கொப்போலா இயக்கிய ‘ரெவல்யூஷன் 909’. (909 என்பது ரோலண்டின் டிரம் மெஷின் எண்.) இரவு நடனக் கூட்டத்துக்குள் போலீஸ் நுழைகிறது. ஒரு காவலர் ஓர் இளம்பெண்ணைத் தடுத்து நிறுத்துகிறார். அவள் கண் அவர் சட்டையில் உள்ள ஒரு சிவப்புக் கறையில் போய் நிற்கிறது. அங்கிருந்து படம் பின்னோக்கித் தாவுகிறது. தக்காளி விதை மண்ணில் விழுகிறது, செடி வளர்கிறது, காய் பழுக்கிறது, பறிக்கிறார்கள், லாரியில் ஏற்றுகிறார்கள், கடைக்கு வருகிறது, ஒரு வீட்டுச் சமையலறையில் பூண்டோடு குழம்பாகக் கொதிக்கிறது, டப்பாவில் அடைபட்டுக் காவலரின் காருக்கு வருகிறது, சாப்பிடும்போது ஒரு சொட்டு சட்டையில் விழுகிறது. மீண்டும் இரவு. காவலர் குனிந்து தம் சட்டையைப் பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் அவள் ஓடித் தப்பிவிடுகிறாள்.

ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய ‘டா ஃபங்க்’ காணொளியும் உண்டு. நாய்த் தலையோடு ஒருவன், ஊன்றுகோலும் கையில் டேப் ரெக்கார்டருமாக நியூயார்க் தெருவில் நடக்கிறான். சிறுவயதுத் தோழியைச் சந்திக்கிறான். அவள் பஸ்ஸில் ஏறுகிறாள். பஸ்ஸில் ரேடியோ கூடாது என்று பலகை. அவனால் ஏற முடியவில்லை. ஆடவைக்கும் பாட்டுக்கு இப்படி ஒரு தனிமையைப் படமாக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்த சிடி இருந்தால் ஆல்பங்கள் தேவையில்லைதானே?

தேவை. காரணங்களில் பாதியைக் குறு வடிவங்கள் பற்றிய பதிலிலும் ‘டிஜிட்டல் லவ்’ பற்றிய பதிலிலும் சொல்லிவிட்டேன். மீதி, ‘டிஸ்கவரி’ முழுவதும் ஒரே கதையாக ஓடக்கூடிய ஆல்பம். அதன் முழு நீளத்துக்கும் லெய்ஜி மட்சுமோட்டோ மேற்பார்வையில் ‘இன்டர்ஸ்டெல்லா 5555’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படமே வந்தது. ‘சம்திங் அபௌட் அஸ்’ அந்தப் படத்தின் காதல் பாட்டு. தொகுப்பில் அது ‘ரோபாட் ராக்’குக்கு முன்னால் தனியாக நிற்கிறது, அங்கே அதன் மென்மை சற்று வீணாகிறது. ஆல்பங்களே உங்களிடம் இருந்தால் இந்த சிடியில் புதிதாகக் கிடைப்பவை ‘மூசிக்’கும் மூன்று ரீமிக்ஸ்களும்தான். எனக்கு அந்த நான்கே போதுமானதாக இருந்தது.

வால்யூம் 1 என்று போட்டிருக்கிறார்களே, வால்யூம் 2 எப்போது வரும்?

வரவில்லை. 2021 பிப்ரவரி 22 அன்று எட்டு நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டு இருவரும் பிரிந்தார்கள். அதில் பாலைவனத்தில் இரு ரோபோக்கள் நடக்கின்றன. வெள்ளி ரோபோ நின்று மேலங்கியைக் கழற்றி முதுகைக் காட்டுகிறது. தங்க ரோபோ அங்கிருக்கும் விசையை அழுத்துகிறது. வெள்ளி ரோபோ தனியே நடந்து போய் வெடித்துச் சிதறுகிறது. பிறகு திரையில் 1993–2021 என்ற ஆண்டுகள். பிரிவுக்காக அவர்கள் புதிதாக எதையும் படம்பிடிக்கவில்லை. ‘எலெக்ட்ரோமா’ என்ற தங்கள் சொந்தப் படத்திலிருந்து எடுத்த காட்சி அது. அந்தப் படம் 2006இல் வந்தது, இந்த சிடி வந்த அதே ஆண்டில்.